புது லவுஞ்சில் எழுப்ப ஆளில்லை

மார்ச் 4

விமான நிலைய பிசினஸ் கிளாஸ் லவுஞ்சின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பித்த லவுஞ்சைப் பற்றிக் கருத்துச் சொல்லும்படி வாசலில் ஒரு திரை வைத்திருக்கிறீர்கள். அதில் ஐந்து முகங்கள். முதல் முகம் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது, கடைசி முகம் அழுகிறது. அந்த ஐந்தில் எதுவும் என் முகம் இல்லை. அதனால் தாளையும் பேனாவையும் எடுத்தேன்.

நான் யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிகளில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். வாரத்தில் மூன்று நாள் விமானத்தில்தான் பிழைப்பு ஓடுகிறது. பிசினஸ் கிளாஸில் கால் நீட்டிப் பறக்கும் ஆளெல்லாம் இல்லை. கம்பெனி எனக்கு எப்போதும் கழிவறைக்கு முந்தைய வரிசையில்தான் இடம் வாங்கும். அடிக்கடி பறக்கிறவன் என்று நீங்களாகவே ஓர் அட்டை அனுப்பினீர்கள். அந்த அட்டையின் புண்ணியத்தில் எட்டு வருடமாக உங்கள் லவுஞ்சில் உட்கார்ந்து எழுந்து போகிறேன்.

ஏழு மாதம் மூடி வைத்துப் புதுப்பித்தீர்கள். அந்த ஏழு மாதமும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, மறைப்புப் பலகையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். கதவு திறந்ததும் உள்ளே போனேன். படத்தில் இருந்தபடியேதான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயைத் தொடுகிறது. எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். காபி இயந்திரம் என்ன பால், எவ்வளவு நுரை, எத்தனை சூடு என்று குறுக்கு விசாரணை செய்கிறது. பிளக் பாயிண்டைத் தேடித் தரையில் மண்டி போட்டேன். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டிச் சாப்பிடுகிற எனக்கே அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பிப்ரவரி 27 அன்று நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இரண்டு நாள் சரியான தூக்கமில்லாமல் வேலை பார்த்துவிட்டு, பகல் ஒன்றரை மணிக்கு உங்கள் லவுஞ்சுக்கு வந்தேன். போனை சார்ஜில் போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். கண் திறந்தபோது விமானம் போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கேட்டதற்கு, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள். "இது அமைதி லவுஞ்ச். இங்கே அறிவிப்புகள் செய்யப்படமாட்டா." அறிவிப்பு போனுக்கு வந்ததாம். போன் தரையில் கிடந்தது, நான் நாற்காலியில் கிடந்தேன். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் என்னை நம்பி நான்கு நோயாளிகள் மறுநாள் வரை காத்திருந்தார்கள்.

பழைய லவுஞ்சில் சோபா கிழிந்திருந்தது. ஆனால் வரவேற்பு மேசையில் ஓர் அம்மா இருந்தார். உள்ளே வரும்போதே, "எழுப்பணுமா சார்? எத்தனை மணிக்கு?" என்று கேட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொள்வார். நேரத்துக்கு வந்து, ஆளைத் தொடாமல், பக்கத்து மேசையில் விரலால் மூன்று தட்டுத் தட்டுவார். எட்டு வருடத்தில் ஒரு விமானம்கூட நான் தவறவிட்டதில்லை. நானாக அவருக்குச் சீட்டம்மா என்று பெயர் வைத்திருந்தேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு நிகழ்வு. மூன்று வருடம் முன்பு, நவம்பர் 11. என் மனைவியும் பிறந்து நாற்பத்துமூன்று நாளான மகளும் என்னோடு இருந்தார்கள். விமானம் ஐந்து மணி நேரம் தாமதம். மனைவிக்கு ஆபரேஷன் தையல் இன்னும் ஆறவில்லை. வெளிக்கூடத்தில் நிற்கக்கூட இடமில்லை. குழந்தை வீரிட்டு அழுகிறது. என் அட்டைக்கு ஒருவருக்கு மட்டுமே அனுமதி. வெந்நீர் கேட்கத்தான் நான் உள்ளே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவையும் குழந்தையையும் கூட்டிட்டு வாங்க. முன்பக்கம் வேணாம், நாலாம் நம்பர் கதவுக்கு வாங்க" என்றார். ஊழியர்கள் மட்டும் நுழையும் பொருட்கள் அறை அது. தலையணை, காகிதப் பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, என் மனைவியைச் சாய்த்து உட்காரவைத்தார். பகல் 2.40 முதல் மாலை 6.15 வரை அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவ்வளவு நேரமும் அவர் அடிக்கடி வந்து கதவுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டார்.

அன்று நான் சரியாக நன்றி சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். புது லவுஞ்சில் வரவேற்பு மேசை இருந்த இடத்தில் அட்டையைக் காட்டினால் திறக்கும் கண்ணாடிக் கதவு நிற்கிறது. அவரை எங்கே அனுப்பினீர்கள்? அவர் இல்லாத லவுஞ்சு எத்தனை அழகாக இருந்தாலும் எனக்கு அது வெறும் நாற்காலிக் கடைதான்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் இயந்திரப் பழுதுபார்ப்பவன்

நகல்: 1. தலைமை அலுவலகம், பயணிகள் சேவைப் பிரிவு. 2. தலைமை அலுவலகம், பாதுகாப்புப் பிரிவு.


மார்ச் 19

மதிப்பிற்குரிய சார்,

வணக்கம். நீங்கள் தேடும் சீட்டம்மா நான்தான். எங்கேயும் போய்விடவில்லை. அதே லவுஞ்சில், பின்கட்டில், கோப்பை கழுவும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். உங்கள் நாற்காலிக்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

உங்கள் கடிதத்தைப் பொறுப்பாளர் பின்கட்டுக்கே கொண்டுவந்து, "உங்களைத் தேடி ஒருத்தர் எழுதியிருக்கார்மா" என்று கொடுத்தார். நின்றபடியே படித்தேன். நீங்கள் எனக்குப் பெயர் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நாங்களும் உங்களுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், கோபித்துக்கொள்ளக் கூடாது. குறட்டை சார். நீங்கள் வந்தால் மூலை சோபாதான் கொடுப்போம். மற்றவர்களும் தூங்க வேண்டும் இல்லையா?

பாராட்டுக்கு நன்றி. ஆனால் பழையதெல்லாம் பொன் என்று எழுதாதீர்கள். உங்கள் மூலை சோபாவுக்கு மேலே கூரை ஒழுகும். மழை நாளில் பூந்தொட்டிக்குப் பின்னால் வாளி வைப்போம். சத்தம் வரக் கூடாது என்று வாளிக்குள் துணி போடுவோம். பெண்கள் கழிவறைத் தாழ்ப்பாள் விழாது. உள்ளே நுழைய இரண்டு படி ஏற வேண்டும். சக்கர நாற்காலியில் மாதா மாதம் வரும் ஒரு பெரியவரை நானும் இன்னொருத்தியும் சேர்ந்து தூக்குவோம். தூக்கும்போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார், வெட்கத்தில். புது லவுஞ்சில் சரிவுப் பாதை போட்டிருக்கிறார்கள். போன மாதம் அவரே உருட்டிக்கொண்டு உள்ளே வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தார். அதைச் சுவரில் இருக்கும் சிறிய ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தச் சிரிப்புக்காகவே இடித்துக் கட்டியது தகும் என்று நினைத்தேன். என்னை வைத்துப் புது லவுஞ்சை அடிக்காதீர்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நிழலில் வேலை, கால் வலி குறைவு.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீங்கள் கடிதத்தின் அடியில் "நகல்" என்று இரண்டு இடம் எழுதியிருந்தீர்கள். இரண்டாவது இடம் பாதுகாப்புப் பிரிவு. அவர்கள் கடிதத்தை முழுவதும் படித்திருக்கிறார்கள். நாற்காலி, காபி, பிளக் பாயிண்ட் எதுவும் அவர்கள் கண்ணில் படவில்லை. 16ஆம் தேதி எனக்கு விசாரணை நோட்டீஸ் வந்தது. "அனுமதி இல்லாத இருவரை ஊழியர் அறைக்குள் நான்காம் எண் கதவு வழியாக அனுமதித்து, பகல் 2.40 முதல் மாலை 6.15 வரை தங்கவைத்தது ஏன்?" உங்கள் மணிக் கணக்குதான் சார், ஒரு நிமிடம்கூட மாறவில்லை. ஏப்ரல் 24 அன்று மூன்று அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டும். குற்றம் உறுதியானால் என் விமான நிலைய அனுமதி அட்டையை ரத்து செய்வார்களாம். அது போனால் இந்தக் கட்டடத்தில் பெருக்கக்கூட விடமாட்டார்கள். பத்தொன்பது வருடமாகக் கழுத்தில் தொங்கும் அட்டை.

உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. நீங்கள் நல்லதுதான் நினைத்தீர்கள். ஆனால் அந்த மணிக் கணக்கை எதற்காக எழுதினீர்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

உங்கள் மகள் நன்றாக இருக்கிறாளா? இப்போது மூன்று வயது முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
பின்கட்டுப் பணியாளர்


மார்ச் 24

அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, நான் பிடித்தது உங்கள் கழுத்தையே நெரிக்கிறது.

ஏன் மணிக் கணக்கை எழுதினேன் என்று கேட்டீர்கள். எங்கள் தொழில் அப்படி. ஓர் இயந்திரத்தைச் சரி செய்தால் அறிக்கை எழுத வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தப் பாகம், யார் கை வைத்தது. அதை மூன்று இடத்துக்கு அனுப்பினால்தான் வேலை நடந்ததாக ஒப்புக்கொள்வார்கள். பதினான்கு வருடமாக அப்படியே எழுதி எழுதி, நன்றி சொல்ல உட்கார்ந்தபோதும் கை அறிக்கைதான் எழுதியது. பாதுகாப்புப் பிரிவுக்கு ஏன் அனுப்பினேன் என்றால், மூன்றாவது இடம் ஒன்று வேண்டுமே என்றுதான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

என் மனைவியிடம் காட்டினேன். அவள் படித்து முடித்துத் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "அவங்க நமக்குக் கதவத் திறந்துவிட்டாங்க. நீங்க அவங்களுக்குக் கதவச் சாத்திட்டீங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. மகள் நன்றாக இருக்கிறாள். அவள் மட்டும்தான் வீட்டில் என்னோடு பேசுகிறாள்.

நான் ஒரு வழி யோசித்துவிட்டேன். இன்னொரு கடிதம் எழுதிவிடுகிறேன். தூக்கக் கலக்கத்தில் எழுதினேன், அது வேறு ஊர் விமான நிலையம், வேறு அம்மா, எல்லாம் என் குழப்பம் என்று. நீங்களும் விசாரணையில் இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஒருவேளை அவர்கள் நம்பாவிட்டால், அது ஒரே ஒரு தடவை நடந்தது, இனி நடக்காது என்று சொல்லுங்கள். கடிதம் தயாராக இருக்கிறது. நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

இந்தக் கடிதத்துக்கு நகல் யாருக்கும் இல்லை.

மன்னிப்போடு,
குறட்டை சார்


மார்ச் 30

குறட்டை சாருக்கு,

கடிதம் கிடைத்தது. கடைசியில் நீங்கள் போட்ட கையெழுத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதற்கு மேலே இருந்ததைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். இப்போதே கிழித்துவிடுங்கள். நான் செய்தது விதிக்கு மாறானது, தெரிந்துதான் செய்தேன். அதற்கு என்ன தண்டனையோ வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அது நடக்கவே இல்லை என்று சொல்லச் சொன்னால் எப்படி? பத்தொன்பது வருடத்தில் நான் நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிற காரியங்கள் பத்துக்குள்தான் இருக்கும். அதில் ஒன்றை என் வாயாலேயே இல்லை என்று சொல்லச் சொல்கிறீர்கள். இதற்கு அவர்கள் அட்டையைப் பிடுங்குவதே மேல். கோபமாகத்தான் எழுதுகிறேன், படிக்கும்போது அப்படியே படியுங்கள்.

அன்று உங்கள் மனைவி உள்ளே என்னிடம் என்ன சொன்னார் என்று உங்களுக்குத் தெரியுமா? குழந்தை தூங்கிய பிறகு, "பெத்ததிலேருந்து இன்னிக்குத்தான் யாரும் பார்க்காம உட்கார்ந்திருக்கேன்க்கா" என்றார். பிறகு நன்றாக அழுதார். நீங்கள் வெளியே பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தீர்கள். நான் தலையணையைச் சரி செய்வது போல முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதை உங்கள் அறிக்கையில் எழுத முடியாது. எந்த மணியில் நடந்தது என்று எனக்கே தெரியாது.

என்னைத் தப்பவைக்க வேண்டாம். உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் வேறொன்று செய்யுங்கள். மறுபடி லவுஞ்சுக்கு வந்து, கோபமில்லாமல் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். ஏழு மாதம் பாடுபட்டுக் கட்டியவர்களுக்கு நீங்கள் ஒரு நல்ல வார்த்தைகூட எழுதவில்லை. பிறகு தலைமை அலுவலகத்துக்கு உண்மையை எழுதுங்கள். மணி, தேதி, கதவு நம்பர் எல்லாம் உங்கள் இஷ்டம். உங்களுக்கு அப்படித்தான் வரும்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், என் மேல் அக்கறை இருந்தால் உங்களோடு பேசச் சொல்லி நான் கேட்டேன் என்று. செய்யப் போனது நல்லது, சறுக்கியது கை. ஆனைக்கும் அடி சறுக்கும்.

இப்படிக்கு,
பின்கட்டுப் பணியாளர்


ஏப்ரல் 12

அக்கா அவர்களுக்கு,

என் மனைவி உங்களை அப்படித்தான் கூப்பிட்டாள் என்று எழுதியிருந்தீர்கள். அவளுக்கு அக்கா என்றால் எனக்கும் அக்காதான். உரிமை எடுத்துக்கொண்டேன். அவள் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள், உங்கள் புண்ணியத்தில். அன்று உள்ளே அழுததைப் பற்றிக் கேட்டேன். "உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும், நீங்க பெட்டியப் பார்த்துக்கிட்டீங்க, அவங்க என்னைப் பார்த்துக்கிட்டாங்க" என்றாள். மூன்று வருடம் கழித்து எனக்கு இது கிடைத்திருக்கிறது. வலித்தது, ஆனாலும் நன்றி.

8ஆம் தேதி நீங்கள் சொன்னபடி லவுஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். விமானம் மூன்றரைக்கு, வேண்டுமென்றே சீக்கிரம் வந்தேன். பின்கட்டுக் கதவில் தட்டிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். விசாரணைக்கு முன்னால் நாம் இருவரும் பேசினால் அதையும் குற்றமாக எழுதுவார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பார்த்தீர்களா, கொஞ்சம் தேறியிருக்கிறேன்.

நீங்கள் சொன்னது சரி. கோபம் இல்லாமல் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. அந்தக் குட்டை நாற்காலிகளைத் தாண்டி உள்ளே போனால், நிமிர்ந்து உட்கார நல்ல உயர நாற்காலிகள் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை நான் அங்கே போகவே இல்லை. குளியலறையில் வெந்நீர் சொன்னவுடன் வருகிறது. இரண்டு நாள் இயந்திர எண்ணெயும் மருந்து வாசனையுமாக இருந்தவன், குளித்துவிட்டு வெளியே வந்தபோது புது மனிதனாக இருந்தேன். பழைய லவுஞ்சில் முகம் கழுவினால் சட்டை நனையும். கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓடுபாதை தெரிகிறது. பழைய இடத்தில் ஜன்னலே இல்லை என்பது எட்டு வருடத்தில் எனக்கு உறைக்கவில்லை, வந்ததும் தூங்கிவிடுவேனே.

பிறகு வாசலில் ஒரு சத்தம். ஓர் இளம்பெண், தோளில் கைக்குழந்தை, கையில் கணவரின் அட்டை. கணவர் வேறு விமானத்தில் முன்னால் போய்விட்டார் போல. அட்டையைக் காட்டக் காட்டக் கதவில் சிவப்பு விளக்கு எரிகிறது. அங்கே நின்ற ஊழியரிடம் போய், "தம்பி, என் கூட வந்தவங்கன்னு நினைச்சு விட்டுடுங்க" என்றேன். "எனக்கும் விடணும்னுதான் சார் இருக்கு. சிஸ்டம் விடாது. திறக்க எங்கிட்ட சாவியும் இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. உள்ளே குழந்தைக்குப் பால் கொடுக்க அருமையான தனி அறை கட்டியிருக்கிறார்கள். இரண்டு மணி நேரமும் அதற்குள் யாரும் போகவில்லை. அது தேவைப்படுகிறவள் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறாள்.

நான் வெளியே போய், அந்தப் பெண்ணின் பைகளை எடுத்துக்கொண்டு, சுவர் ஓரமாக ஒரு நாற்காலி பிடித்துக் கொடுத்தேன். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். முன்னால் நின்று மறைக்கலாம் என்றால், ஆண்பிள்ளை நான் நிற்பதே அவளுக்குச் சங்கடம். விலகிப் போய் நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அப்போதுதான் அக்கா, அன்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் இரக்கப்பட்டீர்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இரக்கம் எனக்கும் வந்தது, அந்த ஊழியருக்கும் வந்தது. நீங்கள் பழி வந்தாலும் வரட்டும் என்று கதவைத் திறந்தீர்கள்.

இதை அப்படியே தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். லவுஞ்ச் நன்றாக இருக்கிறது என்று முதலில் எழுதினேன்; குளியலறைக்கு ஒரு முழுப் பத்தி. பிறகு, எனக்கு என்ன வேண்டுமென்று எழுதினேன்: தூங்குகிறவனை எழுப்ப ஓர் ஆள், கைக்குழந்தையோடு நிற்பவளுக்குக் கதவைத் திறக்க ஒரு சாவி. இரண்டையும் முன்பு ஒரே ஆள் செய்தார், அவருக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது, அவரைத் தண்டித்தால் அது என்னைத் தண்டித்ததுதான் என்றும் எழுதினேன். பாதுகாப்புப் பிரிவுக்கும் நகல் உண்டு. இந்த முறை தெரிந்தே அனுப்பினேன்.

24ஆம் தேதி எனக்கு வேலையே ஓடாது.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பீர்கள். அட்டை கழுத்தில்தான் இருக்கிறது. என் பணிக் கோப்பில் எழுத்து மூலம் ஒரு கண்டிப்பு, மூன்று வருடத்துக்குப் பதவி உயர்வு கிடையாது. எனக்கு எந்தப் பதவி உயர்வு வரப்போகிறது? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

எப்படி நடந்தது என்று கேட்பீர்கள். நீண்ட மேசை, மூன்று அதிகாரிகள். நடுவில் ஓர் அம்மா, இரண்டு பக்கமும் இரண்டு சார்கள். உங்கள் இரண்டு கடிதங்களும் அவர்கள் முன்னால் இருந்தன. நடுவில் இருந்த அம்மாதான் கேட்டார்.

"விதி தெரியும்தானே?"

"தெரியும் மேடம். அந்த விதியைப் புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"பின்ன ஏன் விட்டீங்க?"

"குழந்தை அழுதுச்சு மேடம்."

இன்னும் நிறையச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அங்கே போனதும் அது ஒன்றுதான் வாயில் வந்தது. பக்கத்தில் இருந்த சார், "இது ஒரு தடவை நடந்ததுதானா?" என்று கேட்டார். நீங்கள் என்ன சொல்லச் சொன்னீர்கள் என்று நினைவு வந்தது. மன்னியுங்கள், நான் சொல்லவில்லை.

"இல்ல சார். ஆறேழு தடவை இருக்கும்."

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பரீட்சைக்குப் போன பெண், மயங்கி விழுந்த பெரியவர், துக்கச் செய்தி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்ட ஓர் அம்மா என்று எல்லாரையும் சொன்னேன். "இத்தனை பேர்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் எங்களுக்கு எழுதலையே?" என்றார் நடுவில் இருந்த அம்மா. "எல்லாரும் வாயால நன்றி சொல்லிட்டுப் போயிட்டாங்க மேடம். இவர் ஒருத்தர்தான் எழுதிக் கொடுத்தார்" என்றேன். அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு இருமினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு உங்கள் இரண்டாவது கடிதத்தை எடுத்தார்கள். குழந்தையோடு நின்ற பெண்ணைப் பற்றி எழுதியதை நடுவில் இருந்த அம்மா சத்தமாகப் படித்தார். பால் கொடுக்கும் அறையில் இரண்டு மணி நேரம் யாரும் இல்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, மற்ற இருவரையும் பார்த்தார். அந்த அறையைக் கட்டச் சொன்னதே அவர்தானாம். இதைப் பிறகு பொறுப்பாளர் என்னிடம் சொன்னார். சாவி விஷயத்தை யோசிப்போம் என்றிருக்கிறார்கள். யோசிக்கிறோம் என்றால் எவ்வளவு காலம் என்று பெரிய இடங்களில் வேலை செய்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் விடாமல் நினைவுபடுத்துவேன். எழுப்புகிற வேலையை மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஓர் ஆள், லவுஞ்சில் நடந்து நடந்து யாரை எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பகல் ஷிப்டு எனக்கு. திங்கட்கிழமை சேர்ந்தேன். முதல் நாளே தப்பான ஆளை எழுப்பிவிட்டேன். புது விளக்கு வெளிச்சத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். அவர் கண்ணைத் திறந்து, "பரவாயில்லம்மா, அப்படியே ஒரு காபி வாங்கிக் குடுங்க, அந்த மெஷினோட என்னால பேச முடியல" என்றார்.

இனி உங்களிடம் மறைத்த ஒன்று. நீங்கள் எனக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டதாக வருந்தி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேனே, அது பொய். லவுஞ்சு திறந்த நாளிலிருந்து பின்கட்டில் தினமும் நானூறு, ஐந்நூறு கோப்பை. பேச மனிதர் முகம் ஒன்றுகூடக் கிடையாது. கோப்பை விளிம்பில் இருக்கும் உதட்டுச் சாயத்தைப் பார்த்து, இது பெண், இவர் பாதி குடித்திருக்கிறார், விமானம் வந்துவிட்டது போல என்று ஊகித்துக்கொண்டிருப்பேன். பத்தொன்பது வருடம் நான் செய்தது ஒரு வேலையே இல்லை, ஒரு கண்ணாடிக் கதவு செய்துவிடக் கூடியதுதான் என்று மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தேன். வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 9 அன்று ராஜினாமா எழுதினேன். நான்கு வரிதான். மத்தியானம் பொறுப்பாளரிடம் கொடுக்கலாம் என்று ஏப்ரன் பையில் வைத்திருந்தேன். அவரே பின்கட்டுக்கு வந்தார். என் கை பைக்குள் போனது. அதற்குள் அவர் உங்கள் கடிதத்தை நீட்டிவிட்டார்.

அன்று நான் கொடுக்கவில்லை. விசாரணை நோட்டீஸ் வந்த அன்றும் கொடுக்கவில்லை. போய்விட்டால் தொல்லை விட்டது என்றுதான் அவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் யாரோ ஒருவர் நான் செய்ததை வேலை என்று தேதி போட்டு எழுதியிருக்கும்போது எப்படிப் போவேன்? உங்களால் இந்த வேலை போக இருந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களால்தான் தம்பி இந்த வேலையில் இருக்கிறேன்.

நன்றி.

அக்கா